வெண்புள்ளி: காரணம் என்ன, சிகிச்சை என்ன? குழுவில் கூடிப் படிப்போம்



இந்த இதழின் உடல்நலப் பாடம் வெண்புள்ளி பற்றியது. பஞ்சாயத்து அளவிலான கூட்டங்களுக்கு நாங்கள் வரும்போது, கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகு, யாராவது ஒரு சகோதரி தனியாக வந்து மெல்லக் கேட்கிறார். "மேடம், இது ஒட்டிக்குமா?" "என் பொண்ணு காலில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்திருக்கு, நாளைக்கு அவளுக்குக் கல்யாணம் ஆகுமா?" "நாற்பது நாளில் போயிடும்னு ஒருத்தர் மருந்து தர்றார், உள்கடன் எடுத்து வாங்கலாமா?" இந்த மூன்று கேள்விகளும் திரும்பத் திரும்ப வருகின்றன. காதோடு காதாகக் கேட்கும் கேள்வியாக இது இருக்கக் கூடாது, குழுவில் உட்கார்ந்து எல்லோரும் பேசும் பேச்சாக மாற வேண்டும் என்றுதான் இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

சேமிப்பு, கடன் கணக்கு வேலைகள் முடிந்த பிறகு, ஒருவர் உரக்க வாசியுங்கள், மற்றவர்கள் கேளுங்கள். ஒரே கூட்டத்தில் முடிக்க வேண்டியதில்லை. பாதி இன்று, பாதி அடுத்த கூட்டத்தில் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலில் பெயரைச் சரி செய்வோம்

நம் ஊர்ப்பக்கம் இதை வெண்குட்டம், வெண்குஷ்டம் என்றுதான் சொல்லிப் பழகிவிட்டோம். பாதி பயம் இந்தப் பெயரால் வருவது. குஷ்டம் என்பது தொழுநோய். அது ஒரு கிருமியால் வருவது. அந்தக் கிருமியை 1873-ல் நார்வே நாட்டு மருத்துவர் ஹேன்சன் கண்டுபிடித்தார். வெண்புள்ளிக்குக் கிருமியே கிடையாது. கிருமி இல்லாத ஒன்று எப்படி ஒட்டும்? தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே பாயில் படுத்தாலும், ஒரே துணியைக் கட்டினாலும் ஒட்டாது. தாம்பத்தியத்தாலும் ஒட்டாது.

இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்வது நல்லது. வெண்புள்ளி பால் போல வெள்ளையாக இருக்கும், ஆனால் அந்த இடத்தில் தொட்டால் தெரியும், கிள்ளினால் வலிக்கும், சூடு உறைக்கும். தொழுநோயின் தேமல் பெரும்பாலும் வெளிறியோ லேசான சிவப்பாகவோ இருக்கும், பால் வெள்ளையாக இருக்காது. அந்த இடத்தில் உணர்ச்சி குறைந்தோ மரத்தோ போயிருக்கும். அப்படி உணர்ச்சியில்லாத தேமல் இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். தொழுநோயும் கூட்டு மருந்தால் முழுசாகக் குணமாகிற நோய்தான், மருந்தும் இலவசம். அதையும் நாம் ஒதுக்கக் கூடாது. தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்ட முடியாதபடி 2019-ல் சட்டமே திருத்தப்பட்டுவிட்டது.

எல்லா வெள்ளையும் வெண்புள்ளியும் அல்ல. மார்பிலும் முதுகிலும் செதிலோடு வரும் தேமல் ஒருவகைப் பூஞ்சையால் வருவது. சின்னப் பிள்ளைகளின் கன்னத்தில் மங்கலாக வருவதைப் பூச்சித் தேமல் என்று சொல்லிப் பூச்சி மருந்து கொடுக்கிறோம், அது பெரும்பாலும் வறண்ட தோலால் வருவது. ஆகவே நாமே பார்த்து முடிவு கட்டக் கூடாது. தோல் மருத்துவர் இருட்டறையில் ஒரு நீல விளக்கை அடித்துப் பார்ப்பார். வெண்புள்ளியாக இருந்தால் அந்த இடம் பளிச்சென்று மின்னும்.

தோலுக்கு நிறம் எங்கிருந்து வருகிறது?

நம் தோலின் மேல்பகுதிக்கு அடியில் நிறம் தயாரிக்கும் சின்னச் சின்னச் செல்கள் இருக்கின்றன. அவற்றை நிறச்செல் என்று வைத்துக்கொள்வோம். கறுப்பானவருக்கும் சிவப்பானவருக்கும் இந்த நிறச்செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அவை எவ்வளவு நிறம் தயாரிக்கின்றன என்பதில்தான் வித்தியாசம். ஒரு நிறச்செல் தன்னைச் சுற்றியுள்ள சுமார் 36 தோல் செல்களுக்கு நிறம் பரிமாறுகிறது. ஒரு வீட்டில் சமைத்து ஒரு தெருவுக்கே பந்தி போடுகிற மாதிரி. அந்தச் சமையல்காரர் இல்லாமல் போனால் தெரு முழுக்கப் பட்டினி. வெண்புள்ளியில் நடப்பது இதுதான். நிறச்செல்கள் அழிந்துபோன இடம் வெள்ளையாகிவிடுகிறது. தோல் நன்றாகத்தான் இருக்கிறது, அதில் நிறம் மட்டும் இல்லை.

உலகம் முழுவதும் 200 பேரில் ஒருவர் முதல் 100 பேரில் ஒருவர் வரை இது இருக்கிறது. 3,000 பேர் வாழும் ஒரு பஞ்சாயத்தில் 15 முதல் 30 பேருக்கு இருக்கலாம் என்று கணக்கு. ஆண், பெண், ஏழை, பணக்காரர், எந்த நாடு, எந்த சாதி என்ற பேதம் இதற்கு இல்லை. பாதிப் பேருக்கு 20 வயதுக்குள் ஆரம்பித்துவிடுகிறது. உலகப் புகழ்பெற்ற பாடகர் மைக்கேல் ஜாக்சன் தனக்கு இது இருப்பதை 1993-ல் தொலைக்காட்சியில் சொன்னார். அவர் இறந்த ஜூன் 25-ம் தேதிதான் 2011 முதல் உலக வெண்புள்ளி தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

நிறச்செல் ஏன் அழிகிறது? ஆராய்ச்சி சொல்வது

முன்ஜென்ம பாவம், தெய்வக் குற்றம், பாம்பைக் கொன்ற தோஷம் என்று நாம் கேட்டிருப்போம். மீனும் தயிரும் சேர்த்துச் சாப்பிட்டதால் வந்தது என்பார்கள். இவை எதுவும் காரணம் அல்ல. விஞ்ஞானிகள் பல வருடம் ஆராய்ந்து கண்டுபிடித்திருப்பது வேறு.

நம் உடம்புக்குள் ஒரு காவல் படை இருக்கிறது. வெளியிலிருந்து கிருமி வந்தால் அதை அடித்து விரட்டுவது அதன் வேலை. சிலருக்கு இந்தக் காவல் படை ஆள் தெரியாமல் சொந்த வீட்டு ஆளையே திருடன் என்று நினைத்து அடித்துவிடுகிறது. வெண்புள்ளியில் அது அடிப்பது நிறச்செல்லை. தைராய்டு சுரப்பியை அடித்தால் தைராய்டு கோளாறு வருகிறது. அதனால்தான் வெண்புள்ளி உள்ளவர்களில் சிலருக்குத் தைராய்டு பிரச்சினையும் சேர்ந்து இருக்கிறது. மருத்துவர் தைராய்டு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால், "தோலுக்கு வந்தா ரத்தம் எதுக்கு எடுக்கறாங்க" என்று விட்டுவிடாதீர்கள். எடுத்துப் பாருங்கள்.

இது பரம்பரையா? கொஞ்சம் உண்டு, ஆனால் முழுக்க இல்லை. வெண்புள்ளி வரும் வாய்ப்பைக் கூட்டும் மரபணு இடங்கள் சுமார் 50 வரை கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் ஒரே கருவிலிருந்து பிறந்த, அச்சு அசலான இரட்டையர்களை ஆராய்ந்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. ஒருவருக்கு வெண்புள்ளி இருந்தால் இன்னொருவருக்கும் இருப்பது 100-க்கு 23 ஜோடிகளில்தான். இருவருக்கும் மரபணு ஒன்றுதான், ஆனாலும் நாலில் மூன்று பங்கு ஜோடிகளில் இன்னொருவருக்கு வரவில்லை. ஆகவே அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வந்தே தீரும் என்பது தவறு. அம்மா, அப்பா, கூடப் பிறந்தவர்களில் ஒருவருக்கு இருந்தால், மற்றவருக்கு வரும் வாய்ப்பு 100-க்கு 6 அல்லது 7 என்ற அளவில்தான். 93 பேருக்கு வராது. பெண் பார்க்க வருகிறவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லலாம்.

அடுத்த ஆராய்ச்சி முக்கியமானது. காவல் செல்கள் நிறச்செல்லை அடிக்கும்போது ஒரு வேதிப்பொருளை வெளியிடுகின்றன. அதைக் கேட்டுப் பக்கத்துத் தோல் செல்கள், "இங்கே வாங்க, இங்கே வாங்க" என்று இன்னும் பல காவல் செல்களைக் கூப்பிடும் வேறொரு பொருளை வெளியிடுகின்றன. விசில் சத்தம் கேட்டுக் கூட்டம் சேருகிற மாதிரி. அந்தக் கூட்டத்தால்தான் புள்ளி படர்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் எலிகளிடம் இந்தக் கூப்பிடும் பொருளைத் தடுத்துப் பார்த்தார்கள். புள்ளி பரவுவது நின்றது, போன நிறமும் திரும்ப ஆரம்பித்தது. புது மருந்துகளுக்கு வழி திறந்த ஆராய்ச்சிகளில் இது ஒன்று. அதைப் பிறகு பார்ப்போம்.

நம் வீட்டுப் பொருட்களும் கவனிக்க வேண்டியவை

சில ரசாயனங்கள் பட்டாலும் நிறச்செல் அழியும். இது முதலில் தெரியவந்தது 1939-ல், அமெரிக்காவில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில். ரப்பர் கையுறை போட்ட தொழிலாளர்களின் கைகள் வெளுத்துப் போயின. ரப்பர் கெடாமல் இருக்கச் சேர்த்த ஒரு ரசாயனம்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள்.

நம் நாட்டிலும் இப்படி ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. ஸ்டிக்கர் பொட்டின் பின்னால் இருக்கும் பசையில் உள்ள ஒரு ரசாயனத்தால் நெற்றியில் வெள்ளை விழுவதை இந்திய மருத்துவர்கள் 1990-ல் பரிசோதித்துக் காட்டினார்கள். 2009-ல் கொல்கத்தா மருத்துவர்கள், ரசாயனத்தால் வெள்ளை விழுந்த 864 பேரை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அதில் 100-க்கு 27 பேருக்குத் தலைச்சாயம் காரணம். சுமார் 22 பேருக்கு வாசனை ஸ்பிரே, 15 பேருக்கு சோப்புத்தூள் போன்ற சலவைப் பொருட்கள், 12 பேருக்கு ஸ்டிக்கர் பொட்டு, 9 பேருக்கு ரப்பர் செருப்பு. எல்லாம் நாம் தினமும் தொடும் பொருட்கள்.

இதனால் பொட்டே வைக்கக் கூடாது என்று யாரும் பயப்பட வேண்டாம். கோடிக்கணக்கான பேர் வைக்கிறார்கள், ஒரு சிலருக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்டிக்கர் பொட்டை ராத்திரி படுக்கும்போது எடுத்துவிடுங்கள், ஒரே பொட்டை நாள் கணக்கில் ஒட்டாதீர்கள். அரித்தாலோ, அந்த இடம் வெளிறினாலோ உடனே நிறுத்துங்கள். செருப்பு வார் படும் இடத்தில் வெள்ளை விழுந்தால் ரப்பர் செருப்பை மாற்றுங்கள். தலைச்சாயம் போட்டு நெற்றியோரம் அரித்தால் மறுபடி அதைப் போடாதீர்கள். இப்படி ரசாயனத்தால் வந்த வெள்ளை, அந்தப் பொருளை ஆரம்பத்திலேயே நிறுத்தினால் பலருக்கு மறைந்துவிடுகிறது.

சிவப்பழகு கிரீம் பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பானில் 2013-ல் ஒரு பெரிய நிறுவனம் தன் சிவப்பழகு கிரீம்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. அதைப் பூசிய 18,000-க்கும் அதிகமானவர்களுக்கு முகத்திலும் கையிலும் திட்டுத் திட்டாக வெள்ளை விழுந்துவிட்டது. அதில் சேர்த்த பொருள் மரப்பட்டையிலும் இருக்கும் இயற்கைப் பொருள்தான், அரசு அனுமதியும் பெற்றது. "இயற்கைதானே, ஒண்ணும் செய்யாது" என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இன்னொன்று, வெண்புள்ளி உள்ளவர்களுக்கு அடிபட்ட இடத்திலும், தொடர்ந்து உரசும் இடத்திலும் புதுப் புள்ளி வரலாம். பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டினால் இடுப்பைச் சுற்றி வரும். நாடாவைத் தளர்வாக, கொஞ்சம் அகலமாக வைத்துக் கட்டுங்கள். குளிக்கும்போது கல்லாலும் நாராலும் புள்ளியைப் போட்டுத் தேய்க்காதீர்கள்.

என்ன சிகிச்சை இருக்கிறது?

"இதுக்கு மருந்தே இல்லை" என்பதும் தப்பு, "ஒரே மாசத்துல வேரோட போயிடும்" என்பதும் தப்பு. உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பரவுவதை நிறுத்த முடியும். பலருக்குப் போன நிறத்தைப் பெருமளவு திரும்பக் கொண்டுவர முடியும். ஆனால் மாதக் கணக்கில் பொறுமை வேண்டும்.

நிறம் எப்படித் திரும்புகிறது என்று தெரிந்தால் பொறுமை தானாக வரும். தோலில் நிறச்செல் அழிந்தாலும், முடியின் வேர்க்காலில் விதைநெல் மாதிரி கொஞ்சம் ஒளிந்திருக்கும். சிகிச்சையில் அவை மேலே ஏறி வந்து பரவுகின்றன. அதனால்தான் வெள்ளைக்கு நடுவில் மிளகு தூவியது போலச் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் முதலில் தோன்றும். அது நல்ல அறிகுறி. முகம், கழுத்து சீக்கிரம் கேட்கும். விரல் நுனியிலும் உதட்டிலும் முடி வேர் இல்லை, அதனால் அங்கே நிறம் வருவது கஷ்டம். புள்ளிக்குள் இருக்கும் முடியும் நரைத்துப்போயிருந்தால் அதுவும் கஷ்டம். ஆகவே எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது.

1. பூசும் மருந்து: புள்ளி குறைவாக இருந்தால் மருத்துவர் முதலில் தருவது இதுதான். ஸ்டீராய்டு களிம்பு ஒரு வகை. முகத்துக்கும் இமைக்கும் டாக்ரோலிமஸ் என்ற வேறு வகைக் களிம்பு தருவார்கள். ஸ்டீராய்டு களிம்பைச் சொன்ன நாளுக்கு மேல் நாமாகத் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து போகும். ஒருவருக்கு எழுதிய களிம்பை இன்னொருவர் வாங்கிப் பூசக் கூடாது.

2. மாத்திரை: வேகமாகப் பரவினால் அதை நிறுத்தச் சில மாதங்களுக்கு மாத்திரை தருவார்கள். வாரத்தில் அடுத்தடுத்த இரண்டு நாள் மட்டும் குறைந்த அளவு ஸ்டீராய்டு கொடுக்கும் முறையை டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 1993-ல் வெளியிட்டார்கள். இன்று பல நாடுகளில் இது பயன்படுகிறது. மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் இதை எடுக்கவே கூடாது.

3. ஒளி சிகிச்சை: இதற்கு ஒரு பழைய கதை உண்டு. எகிப்தில் நைல் நதிக்கரையில் வளரும் ஒரு செடியின் விதையைக் கொடுத்து வெயிலில் நிற்கச் சொல்வது பழைய வைத்தியம். நம் நாட்டு வைத்தியத்தில் கார்போக அரிசி. இரண்டிலும் சோரலென் என்ற வகைப் பொருள் இருக்கிறது. 1940-களில் எகிப்து மருத்துவர் எல் மோஃப்டி அந்த விதையிலிருந்து எடுத்த மருந்தை முறையாகச் சோதித்தார். ஆக, முன்னோர் கண்டது வீண் இல்லை. ஆனால் அளவு தெரியாமல் கார்போக அரிசி எண்ணெயைப் பூசி வெயிலில் நின்றால் தோல் வெந்து கொப்புளமாகிவிடும், அந்தப் புண்ணாலேயே புதுப் புள்ளியும் வரலாம். 1997-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், சோரலென் இல்லாமலேயே ஒரு குறிப்பிட்ட வகைப் புற ஊதா ஒளி மட்டும் கொடுத்தால் போதும் என்று காட்டினார்கள். இன்று உடம்பில் பல இடங்களில் புள்ளி உள்ளவர்களுக்கு முக்கியமான சிகிச்சை இதுதான். வாரம் 2 அல்லது 3 முறை, ஒவ்வொரு முறையும் சில நிமிடம். பலன் தெரிகிறதா என்று முடிவு செய்யவே 6 மாதம் ஆகும், முழுச் சிகிச்சை ஒரு வருடம் அல்லது அதற்கு மேலும் போகலாம்.

4. தோல் மாற்று அறுவை: ஒரு வருடமாவது புதுப் புள்ளி வராமல், இருக்கிற புள்ளியும் பெரிதாகாமல் நின்றிருந்தால் இதைச் செய்யலாம். தொடை போன்ற இடத்திலிருந்து கொஞ்சம் தோலையோ நிறச்செல்லையோ எடுத்து வெள்ளை இடத்தில் நடுவார்கள். நாற்று பிடுங்கி நடுகிற மாதிரிதான். பரவிக்கொண்டிருக்கும்போது செய்தால் நட்டதும் அழியும்.

5. புது மருந்து: முன்னே சொன்ன விசில் சத்தத்தைத் தோல் செல்லின் காதில் விழாமல் அடைக்கும் மருந்து இது. ருக்சோலிடினிப் என்ற கிரீமுக்கு 2022 ஜூலையில் அமெரிக்க அரசின் மருந்துத் துறை 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அனுமதி கொடுத்தது. நிறத்தைத் திரும்பக் கொண்டுவர என்றே அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து அதுதான். 674 பேரிடம் சோதித்தார்கள். 24 வாரத்தில், கிரீம் பூசிய 100 பேரில் சுமார் 30 பேருக்கு முகத்தில் முக்கால் பங்கு அல்லது அதற்கு மேல் நிறம் திரும்பியது. மருந்தில்லாத கிரீம் பூசியவர்களில் 7 முதல் 11 பேருக்குத்தான் அப்படி ஆனது. ஒரு வருடம் தொடர்ந்து பூசியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்தப் பலன் கிடைத்தது. பூசிய இடத்தில் பருவும் அரிப்பும் சிலருக்கு வந்தன. விலை மிக அதிகம். ஆனாலும் காரணத்தைக் கண்டுபிடித்து அந்த இடத்திலேயே அடிக்கும் மருந்து வந்துவிட்டது என்பது நம்பிக்கை தரும் செய்தி.

சிகிச்சையை நிறுத்தினால் திரும்ப வருமா? வரலாம். ஒரு வருடத்துக்குள் 100-க்கு 40 பேருக்கு அதே இடத்தில் திரும்ப வருகிறது. காவல் செல்களில் சில அந்த இடத்திலேயே நினைவு வைத்துக்கொண்டு தங்கிவிடுவதுதான் காரணம். நிறம் வந்த பிறகும் வாரம் இரண்டு முறை களிம்பு பூசச் சொன்னால், "அதான் சரியாயிடுச்சே" என்று விட்டுவிடாதீர்கள்.

உள்கடன் எதற்குக் கொடுக்கலாம்?

எங்கள் பகுதிக் குழு ஒன்றில் நடந்ததைச் சொல்கிறோம், ஊர் பேர் வேண்டாம். இட்லிக்கடை வைத்திருந்த ஒரு சகோதரிக்கு விரலிலும் வாயோரத்திலும் வெள்ளை வந்தது. கடைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். குழுக் கூட்டத்தில் அவர் கொண்டுவந்த டீயை இரண்டு பேர் குடிக்காமல் வைத்துவிட்டார்கள். அவர் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்தினார். டவுனில் லாட்ஜில் ரூம் போட்டு மாதம் ஒரு நாள் வரும் ஒருவரிடம் பொட்டலம் பொட்டலமாக மருந்து வாங்கினார். உள்கடன் 10,000 ரூபாய், அதற்கு மேல் வட்டிக்கு வாங்கியது. புளிப்பு, மீன், முட்டை, தயிர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னதால் உடம்பு இளைத்து ரத்தசோகைதான் மிச்சம். கடைசியில் குழு ஊக்குநர் கூடவே போய் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் சேர்த்தார். ஒளி சிகிச்சைக்கு வாரம் இரண்டு நாள் போய்வர பஸ் செலவும் அன்றைக்கு விட்டுப்போகும் வருமானமும்தான் பெரிய பாரமாக இருந்தது. குழு அதற்குச் சிறு கடன் கொடுத்தது. பத்து மாதத்தில் வாயோரத்தில் நிறம் திரும்பிவிட்டது. விரல் நுனியில் வரவில்லை. அவர் கடையை மறுபடி திறந்துவிட்டார், முதல் நாள் இட்லி சாப்பிட்டது குழு உறுப்பினர்கள்தான்.

நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இதில் இருக்கிறது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மருந்துக்கு ஆகும் செலவைவிட, தொடர்ந்து போய்வர ஆகும் செலவால்தான் நம் பெண்கள் பாதியில் நிறுத்துகிறார்கள். குழுவின் பணம் உதவ வேண்டியது அங்கேதான்.

"உத்தரவாதமாகக் குணமாகும்" என்று நோட்டீஸ், சுவர் விளம்பரம், டிவி விளம்பரம் எதைப் பார்த்தாலும் ஒன்றை நினைவில் வையுங்கள். 1954-ம் வருடத்து மருந்துகள் மற்றும் மந்திர வைத்தியம் பற்றிய மத்திய அரசின் விளம்பரத் தடைச் சட்டம் ஒன்று இருக்கிறது. எந்தெந்த நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. வெண்புள்ளி அந்தப் பட்டியலில் இருக்கிறது. அப்படி விளம்பரம் செய்பவர் சட்டத்தை மீறுகிறார். பெயர் ஒட்டாத பொட்டலத்தில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அது முதலில் பலன் தருவது போலத் தெரியும். பிறகு முகம் ஊதும், சர்க்கரை, ரத்த அழுத்தம் வரும், எலும்பு பலமிழக்கும்.

சகோதரிகள் கேட்ட கேள்விகள்

மீன், பால், தயிர், எலுமிச்சை சாப்பிடலாமா?
சாப்பிடலாம். வெள்ளையான உணவால் தோல் வெள்ளையாகாது. பத்தியம் என்று சத்தான உணவை நிறுத்தினால் நமக்குத்தான் நஷ்டம்.

கர்ப்பமாக இருக்கும்போது வெண்புள்ளி இருந்தால் குழந்தைக்கு ஆபத்தா?
வெண்புள்ளியால் குழந்தைக்கு ஆபத்தில்லை. ஆனால் சில மருந்துகள் கர்ப்பத்தில் ஆகாது. கர்ப்பமாக இருந்தாலும், அதற்குத் திட்டமிட்டாலும், பால் கொடுத்தாலும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வயல் வேலைக்குப் போகலாமா?
தாராளமாகப் போகலாம். வெள்ளையான இடத்துக்கு வெயிலைத் தாங்கும் நிறம் இல்லாததால் சீக்கிரம் வெந்துவிடும். முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு போட்டுக்கொள்ளுங்கள். பூச்சிமருந்து, உரம், சலவை ரசாயனம் கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கவலையால் வருமா?
பெரிய மனவேதனைக்குப் பிறகு பரவியதாகப் பலர் சொல்கிறார்கள். ஒதுக்கி வைப்பதே பெரிய மனவேதனை. "நீ கவலைப்படாதே" என்று வாயால் சொல்வதோடு நிற்காமல் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

சிகிச்சை வேண்டாம் என்று விடலாமா?
விடலாம். இதனால் உயிருக்கு ஆபத்தில்லை, வேலை செய்யும் பலமும் குறையாது. எனக்கு இப்படியே இருப்பது சம்மதம் என்று ஒருவர் சொன்னால் அதுவும் சரிதான். வெயிலிலிருந்து தோலைக் காத்துக்கொண்டால் போதும்.

குழுவில் பேசுவோம்

• நம் ஊரில் வெண்புள்ளி உள்ளவரை யாராவது சமையலிலோ, விசேஷத்திலோ, பள்ளிக்கூடத்திலோ ஒதுக்குகிறார்களா?
• நம் குழுவில் யாராவது இதற்காகக் கடன் வாங்கி ஏமாந்திருக்கிறார்களா? எவ்வளவு?
• நமக்குப் பக்கத்தில் தோல் மருத்துவப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனை எது? எந்தக் கிழமை போக வேண்டும்? ஒளி சிகிச்சை இருக்கிறதா? கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

பேசி முடித்த பிறகு, விருப்பமுள்ள குழுக்கள் இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதிக் கையெழுத்திடலாம்.

1. வெண்குஷ்டம் என்ற சொல்லை இனி நாங்கள் பயன்படுத்த மாட்டோம், வெண்புள்ளி என்றே சொல்வோம்.
2. உத்தரவாத மருந்துக்கு உள்கடன் கேட்டு வந்தால், முதலில் அவரைத் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போவோம். முறையான சிகிச்சைக்குப் போய்வரும் செலவுக்குக் கடன் கொடுப்போம்.
3. வெண்புள்ளி உள்ள உறுப்பினர் கையால் டீ வாங்கிக் குடிப்போம், அவர் வீட்டு விசேஷத்துக்குப் போய்ச் சாப்பிடுவோம்.

மூன்றாவது தீர்மானத்துக்கு ஒரு பைசா செலவில்லை. மருந்து வேலை செய்ய ஆறு மாதம் ஆகும், இது அன்றைக்கே வேலை செய்யும். உங்கள் குழுவில் பேசியதையும், வந்த சந்தேகங்களையும் அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு எழுதிக் கொண்டுவாருங்கள். பதில்களை மருத்துவரிடம் கேட்டு அடுத்த இதழில் தருகிறோம்.